பவர் போடுவதற்கு முன்: பழைய கணினி சேகரிக்க இறங்குபவருக்கு

ஐடி வேலையில் இருப்பவர்களிலும், எலெக்ட்ரானிக்ஸ் படித்துச் சர்வீஸ் துறைக்கு வந்தவர்களிலும் பழைய கணினி சேகரிக்க ஆசைப்படுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது விலையை. கமடோர் 64 என்ன விலைக்கு வாங்கலாம், 486 போர்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்கிறார்கள். விலைக்குப் பிறகு வருவோம். முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்த கணினிக்குள் பேட்டரி இருக்கிறதா, இருந்தால் கசிந்திருக்கிறதா, அந்த நிலையில் யாராவது பவர் போட்டுப் பார்த்தார்களா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் நியாயமான விலையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எதை வாங்குவது

ஒரே ஒரு மாடலைத் தேர்ந்தெடுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் பரண் நிறையும், ஒன்றும் ஓடாது. அந்த மாடலின் சர்க்யூட் வரைபடம், சர்வீஸ் மேனுவல், வழக்கமாகப் பழுதாகும் இடங்கள் மூன்றையும் படித்த பிறகு தேட ஆரம்பியுங்கள். அதற்கும் முன்னால் எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். கமடோருக்கு வைஸ், ஸ்பெக்ட்ரத்துக்கு ஃபியூஸ், டாஸ் காலத்துப் பிசிக்கு டாஸ்பாக்ஸ், எல்லாமே இலவசம். சில வார இரவுகள் உட்கார்ந்து பேசிக் மொழியில் நாலு வரி எழுதிப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நிஜ இயந்திரத்துக்குப் பணம் எடுங்கள். எமுலேட்டரிலேயே அலுத்துப்போகிறவருக்கு நிஜ இயந்திரம் அதைவிடச் சீக்கிரம் அலுத்துவிடும்.

அடுத்து நம் ஊர் மின்சாரத்தை யோசிக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிவி முறை பால். பிரிட்டனிலும் இதே ஏற்பாடுதான் என்பதால் பிரிட்டிஷ் கணினிகள் இங்கே தொந்தரவில்லாமல் ஓடும். 1982 ஏப்ரலில் வந்த சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அப்போது 16 கேபி மாடல் 125 பவுண்டுக்கும், 48 கேபி மாடல் 175 பவுண்டுக்கும் விற்றது. 1981-இல் ஏகார்ன் நிறுவனம் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ நமக்கு இன்னும் நெருக்கம். இந்தியப் பள்ளிகளில் கணினி கற்பிக்க 1984-85-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்குப் போனது இந்த பிபிசி மைக்ரோதான். பள்ளி ஸ்டோர் ரூம்களில் கடைசி ஒன்றிரண்டு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். 1980-களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் இங்கேயே தயாரித்து விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ் கிடைத்தால், ஓடாவிட்டாலும் விடாதீர்கள். அது நம் கணினி வரலாற்றின் ஒரு துண்டு. வெளிநாட்டில் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த கணினி என்றால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை. அது 110 வோல்ட்டுக்குச் செய்தது. நம் பிளக்கில் நேராகச் சொருகினால் அந்த நிமிடமே கதை முடிந்தது. ஐபிஎம் வகைப் பிசிகளில் பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 115, 230 என்று எழுதியிருக்கும். அது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்விட்ச் இல்லாத மாடலுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிவி சிக்னலும் என்டிஎஸ்சி முறையில் வரும். இன்றைய டிவிகள் பல அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸுக்கு எழுதிய விளையாட்டுகள் அதில் தப்பான வேகத்தில் ஓடும் அல்லது ஓடவே ஓடாது.

முதல் கணினியாக எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், 486 அல்லது ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள பென்டியம் பிசி என்பேன். நம் ஊரில் அலுவலகம் அலுவலகமாக ஓடியது அதுதான். கேபினெட், எஸ்எம்பிஎஸ், விஜிஏ கார்டு, கீபோர்டு எதுவானாலும் மாற்று கிடைக்கும். ஃப்ளாப்பி டிரைவ் செத்துப்போனால் யுஎஸ்பி பென் டிரைவை ஃப்ளாப்பியாகக் காட்டும் கோடெக் பெட்டி ஒன்றை மாட்டலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக கேமராவில் போடும் சிஎஃப் கார்டை ஐடிஇ அடாப்டரில் சொருகலாம். இதில் கை பழகிய பிறகு அமிகாவுக்கும் மெக்கின்டாஷுக்கும் போங்கள்.

எங்கே தேடுவது

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் நினைவுக்கு வரும். இன்று போனால் சிசிடிவி, மொபைல் உதிரி, லேப்டாப் சார்ஜர் என்றுதான் கடைகள் கூப்பிடும். முன்வரிசையை விட்டுவிட்டு மாடியிலும் சந்திலும் இருக்கும் பழைய சர்வீஸ் கடைகளுக்குப் போங்கள். தொண்ணூறுகளில் போர்டு லெவல் சர்வீஸ் செய்தவர்கள் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள். மாடல் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வராது. "அண்ணே, ஐஎஸ்ஏ கார்டு போடுற பழைய போர்டு ஏதாவது பரண்ல கிடக்குதா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்பார். காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். ஆசைக்காக வாங்குகிறவன், சரிசெய்து வைத்துக்கொள்வான் என்று தெரிந்தால் அவரே ஏணி போட்டு ஏறுவார். சாலிடர் செய்வதிலும் பழுது கண்டுபிடிப்பதிலும் உங்களுக்கு வாய்க்கப்போகும் முதல் ஆசிரியரும் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

காயலான் கடைக்கும் போகத்தான் வேண்டும். அங்கே போர்டு கிலோ கணக்கில் போகிறது. பீங்கான் உடல் கொண்ட 486, பென்டியம் ப்ரோ சிப்புகளில் தங்கம் இருப்பதால் அவற்றைத் தனியாகப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். சிப் பிடுங்கிய போர்டு உங்களுக்கு உதவாது. ஆகவே உடைப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். கடைக்காரரிடம் உங்கள் நம்பரைக் கொடுங்கள். 'பழைய கம்ப்யூட்டர் முழுசா வந்தா பிரிக்காதீங்க, கிலோ விலைக்கு மேல தர்றேன்' என்று சொல்லிவைத்து, முதல் அழைப்பு வந்ததும் சொன்னபடி கொடுங்கள். அதன் பிறகு அவரே கூப்பிடுவார்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் உள்ளே திறந்து எடுத்த புகைப்படம் கேளுங்கள். மதர்போர்டின் நாலு மூலையும் தெரிய வேண்டும், பேட்டரி இருக்கும் இடம் கிட்டத்தில் தெரிய வேண்டும். 'ஸ்க்ரூ கழற்ற வரவில்லை' என்று ஒருவர் சொன்னால், பழுதான நிலையில் என்ன விலையோ அதற்கு மேல் பேசாதீர்கள். பார்க்காத பொருளுக்கு முன்பணம் அனுப்புவது கூடாது. உங்களுக்குப் பணம் வருவதற்காகக் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யச் சொல்கிறவரை அந்த இடத்திலேயே பிளாக் செய்யுங்கள். பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். பயன்படுத்திய கணினிகளை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் கொண்டுவரச் சொல்வதானாலும் சுங்க விதிகளை முன்கூட்டிப் படித்து, அவரையும் படிக்க வைத்து, கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஆசைக்காக மாமாவோ சித்தியோ விமான நிலையத்தில் நிற்கக்கூடாது.

அலுவலகத்தில் கேட்டு வாங்குவது

பலரும் நினைத்துப் பார்க்காத இடம் இது. நல்ல சரக்கு இங்கேதான் இருக்கிறது. பழைய ஆலைகள், வங்கிக் கிளைகள், கல்லூரி லேப்கள், அச்சகங்கள் எல்லாவற்றிலும் யாரும் தொடாத ஒரு அறை இருக்கும். கணினி வாங்கும்போதே மேனுவல், ஒரிஜினல் டிஸ்க், பில் எல்லாவற்றையும் ஃபைலில் வைத்திருப்பார்கள். சேகரிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எடுத்துக்கொண்டு போவதற்கு முறை உண்டு. நீங்கள் வேலை செய்யும் இடமானால் இன்னும் கண்டிப்பாக முறை வேண்டும். குப்பைக்குப் போவதுதானே என்று பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் அது திருட்டு, வேலையும் போகும். அட்மின் அல்லது அசெட் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்தப் பொருள், அசெட் டேக் எண் என்ன, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மூன்று வரி போதும். மார்ச் கணக்கு முடிப்புக்கு முன்னால், பழைய சொத்துகளைக் கழிக்கும் பட்டியல் தயாராகும் சமயம் பார்த்துக் கேட்பது நல்லது. ஒரு ரூபாயானாலும் ரசீது வாங்குங்கள். கேட் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2022 மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி பெரிய நிறுவனங்கள் மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பாளர் போன்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஒரு கணினியை 'மின்கழிவு' என்று எழுதிவிட்டால் பிறகு நிர்வாகம் நினைத்தாலும் உங்களுக்குத் தர முடியாமல் போகலாம். பயன்படுத்திய பொருளாக விற்கும் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும் என்பது இதனால்தான்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிய பேச்சை நீங்களே எடுங்கள். ஐடி பிரிவின் பெரிய பயம் அதில் இருக்கும் தகவல்தான். 'டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது என் முன்னால் அழித்துக் கொடுங்கள்' என்று சொன்னால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். டிஸ்க் இல்லாத கணினிக்கு சிஎஃப் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று மேலே சொன்னேனே, அது இங்கே கைகொடுக்கும்.

திறந்து பார்க்கும்போது

கேபினெட்டைத் திறந்ததும் கண் முதலில் போக வேண்டிய இடம் பேட்டரி. 386, 486 போர்டுகளில் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீலமோ பச்சையோ ஒரு சின்ன உருளை இருக்கும். நிக்கல் காட்மியம் வகை. அதன் இரண்டு முனைகளிலும் பச்சை நீலமாகப் பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று பொருள். அந்தக் காரம் செம்பு இழைகளைத் தின்றுகொண்டே போகும். எத்தனை தூரம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. பேட்டரியைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குள் நின்றிருந்தால் காப்பாற்றலாம். கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பின் கால்களுக்கும் ரேம் சாக்கெட்டுக்கும் அடியில் புகுந்திருந்தால் கை தேர்ந்தவருக்கே பல நாள் வேலை. அமிகா 500 பிளஸ், அமிகா 2000 இரண்டிலும் இதே நோய் உண்டு. மெக்கின்டாஷ் எஸ்இ/30 போன்றவற்றில் இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது வெடித்துக் கசிந்தால் போர்டோடு சேர்த்து உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தையும் அரித்துவிடும்.

வாங்கியதும் முதல் வேலை அந்தப் பேட்டரியை வெட்டி எடுப்பது. கசிந்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும். காரத்தை அமிலம் முறிக்கும்போது லேசாக நுரைக்கலாம். பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி, நன்றாக உலர விடுங்கள். இதைச் செய்யாமல் போர்டை அலமாரியில் வைத்தால் அரிப்பு நிற்காது.

பேட்டரிக்கு அடுத்தபடி கெப்பாசிட்டர். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த மெக்கின்டாஷ் கிளாசிக், எஸ்இ/30, அமிகா 600, 1200 ஆகியவற்றில் போர்டின் மேல் ஒட்டிய குட்டி அலுமினிய டப்பாக்கள் கிட்டத்தட்ட எல்லாமே கசிந்திருக்கும். சுற்றிலும் போர்டு மங்கலாக, ஈரம் பட்டதுபோல் தெரியும். சாலிடரிங் அயர்னை வைத்ததும் மீன் கவிச்சி அடிக்கும். அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் பிறகு மறக்காது. இந்த மாடல்களை வாங்கும்போது கெப்பாசிட்டர் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். 'நல்லா ஓடுது சார்' என்று விற்பவர் சொன்னாலும் கணக்கை மாற்றாதீர்கள்.

பிபிசி மைக்ரோ, ஆப்பிள் II ஆகியவற்றின் பவர் சப்ளையில் ரிஃபா என்ற பெயர் பொறித்த மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற கெப்பாசிட்டர் இருக்கும். உள்ளே இருப்பது காகிதம். மேலுறையில் மயிரிழை விரிசல் ஓடி, ஈரம் உள்ளே போயிருக்கும். பவர் போட்ட சில நிமிடங்களில் படாரென்று வெடித்து அறை முழுக்கப் புகை மண்டும். கணினிக்கு ஒன்றும் ஆகாது என்றாலும் வீட்டில் இந்தப் பொழுதுபோக்கின் மேல் இருக்கும் நல்லெண்ணம் போய்விடும். சில ரூபாய்ப் பொருள், முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

நம் ஊருக்கென்றே சில சோதனைகள் உண்டு. கடற்கரை ஊரில் கிடந்த கணினியானால் ஐசி கால்கள் கறுத்திருக்கும். சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினாலே பாதிப் பழுது போய்விடும். சென்னையில் வாங்கினால் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதீர்கள். கேபினெட்டின் உட்சுவரில் மெல்லிய வண்டல் கோடு இருக்கிறதா, அடிப்பக்க ஸ்க்ரூக்கள் மட்டும் துருப்பிடித்து மேல் ஸ்க்ரூக்கள் பளபளப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே எவ்வளவு துடைத்துக் கொடுத்தாலும் இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எலி குடியிருந்த கணினியை வாங்க வேண்டாம். எலிச் சிறுநீர் பேட்டரிக் கசிவுக்குச் சமமாக அரிக்கும், அதோடு நோயும் வரும்.

பிளாஸ்டிக் மஞ்சளானதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பழைய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் இயல்பு அது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். நம் வெயிலுக்குப் பஞ்சமா? ஆனால் மஞ்சள் மறுபடி வரலாம். நான் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். உடைந்த மூலை, காணாமல்போன கீ, இல்லாத பவர் அடாப்டர் இவைதான் நிஜக் குறைகள். ஸ்பெக்ட்ரத்தில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் பயப்படத் தேவையில்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மெம்பிரேனின் வால் காய்ந்து ஒடிந்திருக்கும்; புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

பேரம்

விற்பவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மதிப்புப் போடாதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏலத் தளங்களில் அதைத் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. 2014-இல் ஓர் ஆப்பிள்-1 போர்டை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு வாங்கியது உண்மை. ஆனால் ஆப்பிள்-1 மொத்தமே சுமார் 200-தான் செய்தார்கள். கமடோர் 64-ஐயும் பென்டியத்தையும் லட்சக்கணக்கில் செய்து கொட்டினார்கள். 'பழசு, அதனால் அரிது' என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

'டெஸ்ட் செய்யவில்லை' என்ற சொல்லை 'ஓடவில்லை' என்று படியுங்கள். நான் சொல்லும் கணக்கு இது: கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இயந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். மீதி கெப்பாசிட்டருக்கும், கேபிளுக்கும், பவர் சப்ளைக்கும், நல்ல சாலிடரிங் ஸ்டேஷனுக்கும் வேண்டும். மேனுவல், டிஸ்க், ஒரிஜினல் பெட்டி கூட இருந்தால் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள். பின்னால் தனியாகத் தேடினால் அவை கிடைப்பது அரிது.

தூரத்தில் வாங்கினால் நேரில் போய் எடுத்துவர முடியுமா என்று பாருங்கள். பார்சலில்தான் வர வேண்டும் என்றால் கார்டுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், பெட்டிக்குள் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி அடைக்க வேண்டாம். அவை கீபோர்டுக்குள்ளும் டிரைவுக்குள்ளும் போய்விடும். பிக்சர் டியூப் உள்ள எதையும் பஸ் பார்சலில் போட வேண்டாம்.

பவர் போடுவது

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஸ்விட்ச் போடத் துடிக்கும் கையை அடக்குங்கள். பவர் சப்ளையைப் போர்டிலிருந்து பிரித்து, ஒரு சின்ன லோடு மாட்டி, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 5 வோல்ட் லைனில் 5 வோல்ட்தான் வருகிறதா? கமடோர் 64-இன் பழைய கறுப்பு அடாப்டர் இதற்குப் பேர்போனது. உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் வெப்பம் வெளியேறாது. ரெகுலேட்டர் செத்தால் வோல்டேஜ் ஏறி ரேம் சிப்புகளைச் சுட்டுவிடும். நேற்றுவரை ஓடிய அடாப்டரை இன்று நம்ப முடியாது. புதிதாகச் செய்த சப்ளை வாங்கிவிடுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் அடாப்டரில் நடு ஊசி நெகட்டிவ். கடையில் கிடைக்கும் பொது அடாப்டரில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ் இருக்கும். பார்க்காமல் சொருகக் கூடாது.

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலும் அதைத் தொடர்ந்த எக்ஸ்டியிலும் டான்டலம் கெப்பாசிட்டர்கள் உண்டு. சொட்டு வடிவத்தில் இருக்கும். வருடக்கணக்கில் பவர் பார்க்காமல் கிடந்தால் ஷார்ட் ஆகிப் பட்டாசுபோல் வெடிக்கும். ஏற்கெனவே ஷார்ட் ஆகியிருந்தால், 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மெக்கானிக் கடைகளில் இருக்கும் சீரிஸ் பல்பு போர்டு ஒன்றை நீங்களும் செய்துவையுங்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கரன்ட் போனால், ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கணினி தப்பித்துக்கொள்ளும்.

பிக்சர் டியூப் உள்ள எதையும் தனி ஆளாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பழைய மெக்கின்டாஷ்களில் டியூபும் மதர்போர்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், ரேம் மாற்றப் போகும் கை அதில் பட வாய்ப்பு உண்டு. உங்கள் தெருவிலோ ஊரிலோ டிவி மெக்கானிக்காக இருந்த பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். டியூபில் நிற்கும் அந்த உயர் வோல்டேஜை (ஈஹெச்டி) டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்த கை அவருடையது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள்.

வேலைக்கு என்ன பயன்

ஒரு 8-பிட் கணினியின் சர்க்யூட் முழுவதையும் ஒரே தாளில் வைத்துப் படிக்க முடியும். பிராசஸர் எந்தக் காலில் முகவரி அனுப்புகிறது, ரேம் எப்போது பதில் சொல்கிறது, திரைக்கு எழுத்து எப்படிப் போகிறது என்று ஆஸிலோஸ்கோப் வைத்துக் கண்ணால் பார்க்க முடியும். இன்றைய லேப்டாப்பில் அதற்கு வழியே இல்லை. எம்பெடட், ஹார்டுவேர் டெஸ்டிங், ஃபர்ம்வேர் வேலைகளுக்குப் போக விரும்புகிறவருக்கு இது நல்ல பயிற்சி. இன்னொரு பக்கம், பழைய சிஎன்சி இயந்திரங்கள், ஆய்வுக்கூடக் கருவிகள், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல இன்னும் டாஸிலும் ஐஎஸ்ஏ கார்டிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை நின்றால் ஆலையே நிற்கும். அதைத் திறந்து பார்க்கத் தயங்காத ஆளுக்கு மதிப்பு உண்டு.

ரெஸ்யூமேயில் 'பொழுதுபோக்கு: பழைய கணினி' என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். அறிகுறி என்ன, எதைச் சந்தேகித்தீர்கள், எங்கே என்ன அளந்தீர்கள், கடைசியில் எந்தப் பாகம் போயிருந்தது என்று படத்துடன் எழுதிவையுங்கள். இன்டர்வியூவில் அந்த நோட்டை மேஜை மேல் வைத்தால் அடுத்த கால் மணி நேரம் பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும்.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்

சேகரிப்பவர்கள் பெட்டியைக் கொண்டாடுகிறார்கள், டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்கள். என் பார்வையில் பல நேரம் டிஸ்க்தான் விலைமதிப்பற்றது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 2000-இல் தமிழ் யூனிகோடு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு டிடிபி நிலையமும் ஒவ்வொரு எழுத்துருவில், ஒவ்வொரு குறியீட்டில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டேம், டேப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவானதே அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அதற்கு முந்தைய எழுத்துருக்கள் பல, அவற்றில் அடித்த சிறுபத்திரிகைகள், பாடநூல்கள், கோயில் மலர்கள் எல்லாம் சிவகாசியிலும் சென்னையிலும் கோவையிலும் அச்சகப் பரண்களில் ஃப்ளாப்பியில் கிடக்கின்றன. எழுத்துரு தொலைந்தால் கோப்பு திறந்தாலும் திரையில் தெரிவது குப்பைக் குறிகள்தான்.

ஆகவே ஃப்ளாப்பி கிடைத்தால் டிரைவில் உடனே போடாதீர்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கின் தகட்டு மூடியை விலக்கி, நடுச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றி, உள்ளே வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சாதாரணம். அது ஹெட்டில் ஒட்டினால் அந்த டிஸ்க்கும் போகும், அடுத்துப் போடும் டிஸ்க்கும் போகும். சுத்தமாக இருந்தால் மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் சாவியைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள். அதன் மேல் எதுவும் எழுதப்படாது. ஐந்தே கால் அங்குல டிஸ்க்கில் இதற்கு நேர் எதிர், பக்கத்து வெட்டை டேப்பால் மூட வேண்டும். பிறகு முழு டிஸ்க்கையும் அப்படியே இமேஜாகப் படியெடுங்கள். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் மூன்றரை அங்குல டாஸ் டிஸ்க்குகளை மட்டும் படிக்கும். மற்றவற்றுக்கு கிரீஸ்வீசில் போன்ற சின்ன போர்டும் பழைய டிரைவும் வேண்டும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதிலிருந்து கணினியை பூட் செய்வதற்கு முன் முழுப் படியெடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க் எந்தச் சுற்றில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே ஒருவரின் சொந்தக் கடிதமோ வங்கிக் கணக்கோ இருந்தால் படிக்காமல் அழியுங்கள், விற்றவரைத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள். எழுத்துரு, நூல் பக்கம், பத்திரிகைக் கோப்பு என்றால் உரியவரைத் தேடி ஒரு படி கொடுங்கள். அடுத்த முறை அச்சகப் பரணில் ஏறி 486-ஐ இறக்கும்போது, பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும் டிஸ்க் டப்பாவையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவாருங்கள். கணினி இன்னொன்று கிடைக்கும். அந்த டப்பாவுக்கு வேறு படி கிடையாது.